அணுவும் காதமும்: பழந்தமிழ் நீட்டலளவைகளை இக்கால நுண்ணலகுகளாக மாற்றும் போக்கு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் நீட்டலளவை வாய்பாட்டின் கீழ்ப்படியாகிய 'அணு'வை நானோமீட்டர், ஆங்ஸ்ட்ராம், போர் ஆரம் முதலிய அலகுகளாக மாற்றி, பண்டைத் தமிழர் அணுவின் பருமனை அறிந்திருந்தனர் என்று முடிவுகட்டும் போக்கு அண்மைக் காலத்தில் பரவலாகக் காணப்படுகிறது. அம்மாற்றத்தின் கணக்கு முறையையும், அதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் வாய்பாடுகளின் பாட வேறுபாடுகளையும், 'அணு' என்னும் சொல்லின் இலக்கிய வழக்கையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. வாய்பாட்டின் மறுமுனையில் நிற்கும் காதமும் இதே சிக்கலுக்கு உள்ளாகியிருப்பது இறுதியில் எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நீட்டலளவை, அணு, தேர்த்துகள், விரல், காதம், அடியார்க்குநல்லார், கணக்கதிகாரம்.

மாற்றத்தின் கணக்கு

கணக்கதிகாரத்தின் பெயரால் இன்று பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நீட்டலளவை வாய்பாடு பின்வருமாறு அமைகிறது: அணு எட்டு ஒரு கதிர்த்துகள், கதிர்த்துகள் எட்டு ஒரு துசும்பு, துசும்பு எட்டு ஒரு மயிர்நுனி, மயிர்நுனி எட்டு ஒரு நுண்மணல், நுண்மணல் எட்டு ஒரு சிறுகடுகு, சிறுகடுகு எட்டு ஓர் எள், எள் எட்டு ஒரு நெல், நெல் எட்டு ஒரு விரல். அதன் மேல் 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம் என்று வளர்கிறது.

அணு முதல் விரல் வரை எட்டுப் படிகள். ஆகவே ஒரு விரலுக்கு எட்டின் எட்டாம் அடுக்கு, அதாவது 1,67,77,216 அணு. முழத்தை 18 அங்குலம் எனக் கொண்டால் ஒரு விரல் ஏறத்தாழ 1.9 செ.மீ. ஆகும். அதனை மேற்கண்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பது சுமார் 1.1 நானோமீட்டர், ஆங்ஸ்ட்ராம் கணக்கில் 11, ஹைட்ரஜன் அணுவுக்குரிய போர் ஆரத்தைப் போல் ஏறக்குறைய 21 மடங்கு. இந்த வகுத்தலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதிலிருந்து, மூலக்கூறுகளின் பருமனைத் தமிழர் அளந்து வைத்திருந்தனர் என்ற முடிவுக்குப் பலர் ஒரே தாவலில் சென்றுவிடுகின்றனர். மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் இதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும் இம்முடிவு இடம்பெறத் தொடங்கிவிட்டதால் இதனை ஆராய வேண்டியுள்ளது.

ஒரு கணக்கின் விடை எதனைச் சார்ந்து மாறுகிறது என்று பார்ப்பது ஆய்வின் முதற்கடமை. விரலின் நீளம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1.76 செ.மீ. என்பாரும் உளர், பெருவிரலின் அகலம் எனக் கொண்டு 2 செ.மீ.க்கும் மேல் என்பாரும் உளர். இவ்வேறுபாடு விடையைக் கால் பங்கு அளவுக்கே கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு படியைக் கூட்டினாலோ விடை எட்டில் ஒரு பங்காகிவிடும்; இரண்டு படிகளைக் கூட்டினால் 64-ல் ஒரு பங்கு. எனவே விரல் எவ்வளவு என்பதைவிட, ஏணிக்கு எத்தனை படிகள் என்பதே இங்குத் தலையான வினா. இவ்வினாவை மாற்றிக்காட்டுவோர் எழுப்புவதில்லை.

அடியார்க்குநல்லார் காட்டும் ஏணி

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவு கூறப்படுகிறது. கண்ணுக்குக் கண் ஒரு சாண் இடைவெளி அமைய வளர்ந்த மூங்கிலில் கோல் கொண்டு, இருபத்துநான்கு விரல் அளவுடைய அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கம் அமைக்கப்பட்டது. ஒரு விரலை 1.9 செ.மீ. என்று கொண்டால் அகலம் 3.2 மீட்டர், நீளம் 3.65 மீட்டர், உயரம் 46 செ.மீ. ஆகும். ஒரு நடனமகள் நின்றாடத்தக்க, தச்சர் கட்டத்தக்க அளவுகள் இவை.

இவ்விடத்தில் விரலின் அளவை விளக்கப் புகும் அடியார்க்குநல்லார் அணு, தேர்த்துகள், இம்மி, எள், நெல், பெருவிரல் என்று எட்டெட்டாக ஏறும் வாய்பாட்டைத் தருகிறார். அணுவுக்கும் விரலுக்கும் இடையே இங்குள்ளவை ஐந்தே படிகள். எட்டின் ஐந்தாம் அடுக்கு 32,768. அதே 1.9 செ.மீ. விரலை இவ்வெண்ணால் வகுத்தால் அணு 580 நானோமீட்டர் ஆகிறது. இது மஞ்சள் ஒளியின் அலைநீளம். அணுவோ மூலக்கூறோ அன்று. ஒரு தமிழ் வாய்பாட்டின் அணு, மற்றொரு தமிழ் வாய்பாட்டின் அணுவைப் போல் 512 மடங்கு பெரிது. இவ்விரண்டில் எது தமிழரின் அணு? 1.1 நானோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு 580 நானோமீட்டரைப் பேசாமல் விடுவதற்குப் பாட அடிப்படையிலான காரணம் எதுவும் காட்டப்படவில்லை. அணுவியலுக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதே தேர்வுக்குக் காரணமாயின், நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொண்ட குற்றம் நேர்கிறது.

வடமொழி நூல்களோடு ஒப்பிடும்போது இச்சிக்கல் மேலும் தெளிவாகும். கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் பரமாணு, தேர்ச்சக்கரம் எழுப்பும் துகள், ஈர், பேன், யவையின் நடுப்பகுதி, அங்குலம் என எட்டெட்டாக ஏறும் ஐந்து படிகள் உள்ளன. அடியார்க்குநல்லார் தரும் ஏணியும் படி எண்ணிக்கையிலும் தேர்த்துகளிலும் இதனோடு ஒத்துப்போகிறது. ஈரும் பேனும் இருந்த இடத்தில் இம்மியும் எள்ளும், யவை இருந்த இடத்தில் நெல்லும் நிற்கின்றன. வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையில் மயிர்நுனி ஒரு படியாகச் சேர, ஏணிக்கு ஆறு படிகள். அங்குள்ள பரமாணு 72 நானோமீட்டர். லலிதவிஸ்தரம் என்னும் பௌத்த நூலில் இளம் சித்தார்த்தர் கூறுவதாக வரும் வாய்பாடு எட்டை விட்டு ஏழைக் கொள்கிறது, படிகளோ பத்து. ஏழின் பத்தாம் அடுக்கு 28,24,75,249. அதனால் வகுத்தால் 0.067 நானோமீட்டர். கார்பன் அணுவின் ஆரத்துக்கு மிக அருகில் வருவதால் இந்த எண்ணையும் உலகெங்கும் வியந்து எடுத்துக்காட்டுவோர் உள்ளனர்.

580, 72, 1.1, 0.067. நூலுக்கு நூல் அளக்கும் கருவி கூர்மையடைந்து வந்ததாக இந்த எண்களிலிருந்து யாரும் கூற முடியாது. படிகள் கூடக் கூட அணு சிறுத்துக்கொண்டே போகிறது, அவ்வளவே. ஏணியை நீட்டிக்கொண்டே சென்றால் ஏதோ ஒரு படியில் அது அணுவியலின் எல்லையைத் தொட்டே தீரும். தொட்ட படியை மட்டும் சுட்டிக்காட்டுவது, பல அம்புகளை எய்துவிட்டு இலக்கில் தைத்த ஒன்றை மட்டும் காட்டி வில்லாளியைப் புகழ்வது போன்றது.

எள்ளும் கடுகும்

வாய்பாடு அளந்து பெற்றதா, எண்ணி அமைத்ததா என்பதைச் சோதிக்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டி போதும். 1.9 செ.மீ. விரலில் எட்டில் ஒரு பங்கு 2.4 மி.மீ. ஒரு நெல்லின் அகலம் ஏறக்குறைய அவ்வளவே. எட்டு நெல்லை அகலவாட்டில் அடுக்கினால் ஒரு விரல் ஆகும் என்பது கண்டறிந்து சொன்ன கூற்று. அடுத்த படியிலேயே நிலைமை மாறிவிடுகிறது. நெல்லில் எட்டில் ஒரு பங்காகிய எள் 0.3 மி.மீ. ஆதல் வேண்டும். உண்மையான எள்ளின் அகலமோ 2 மி.மீ. அளவில் இருக்கிறது. எந்த வாட்டில் வைத்தாலும் ஒரு நெல்லின் அகலத்தில் எட்டு எள்ளை அடுக்க இயலாது. வாய்பாட்டுப்படி சிறுகடுகு 0.037 மி.மீ.; கையிலுள்ள கடுகு 1 மி.மீ.க்குக் குறைவதில்லை. நுண்மணல் 0.0046 மி.மீ.; மணல் என்று பெயர் பெறுவதற்கே 0.06 மி.மீ. வேண்டும் என்கிறது மண்ணியல். மயிர்நுனி 0.6 மைக்ரோமீட்டர், மனித மயிரின் தடிமனோ 50 முதல் 100 மைக்ரோமீட்டர். மேல்படிகளில் ஐந்தாறு மடங்காகத் தொடங்கிய விலகல் கீழே நூறு மடங்காக வளர்ந்திருப்பதைக் காணமுடிகிறது.

கதிர்த்துகளின் நிலை இதனினும் வியப்புக்குரியது. கூரைத் துளையின் வழி விழும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசியைக் கண்டு வைத்த பெயர் அது. கண்ணால் காணப்பட்டது என்பதே அப்பெயரின் பொருள். மாற்றுக் கணக்கின்படி அதன் பருமன் 9 நானோமீட்டர். ஒரு பெரிய புரத மூலக்கூற்றின் அளவு. எந்த வெயிலிலும் எந்தக் கண்ணுக்கும் அது தோன்றாது. அணுவை 1.1 நானோமீட்டர் என்று ஏற்போர் கதிர்த்துகளைக் காணமுடியாத பொருள் என்றும் ஏற்க வேண்டும். ஒன்றை ஏற்று மற்றொன்றை விடுவதற்கு இந்த வாய்பாடு இடந்தராது.

இங்கு ஓர் ஒப்புமை பயன்படும். ஆர்க்கிமிடீஸ் தம் மணல் எண்ணும் நூலில் கசகசா விதையை விரலோடு ஒப்பிடுகிறார். வழுவழுப்பான அளவுகோலின் மேல் விதைகளை வரிசையாக வைத்துப் பார்த்ததாகவும், 25 விதைகளே விரலின் அகலத்தை நிறைத்ததாகவும், பாதுகாப்புக் கருதித் தாம் 40 என்று கொள்வதாகவும் கூறுகிறார். அளந்ததற்கும் கருதிக்கொண்டதற்கும் இடையிலான கோட்டை அவரே வரைந்துவிடுகிறார். நம் வாய்பாட்டில் அக்கோடு வரையப்படவில்லை. நெல்லுக்கு மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒரே 'எட்டு' என்னும் சொல்லால் இணைந்து நிற்கின்றன. கோடு எங்கே விழுகிறது என்று காண்பது உரையாசிரியர் விட்டுச்சென்ற பணி. அதைச் செய்ய வேண்டியவர் ஆய்வாளர்.

எட்டு என்பதை நீளமாகக் கொள்ளாமல் கனமாகக் கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். எட்டு என்பது இரண்டின் கனம் ஆதலால், எட்டு எள்ளின் பருமன் ஒரு நெல் எனின் நீளத்தில் ஒவ்வொரு படியும் பாதியாகவே குறையும். அப்போது எள் 1.2 மி.மீ., சிறுகடுகு 0.6, நுண்மணல் 0.3, மயிர்நுனி 0.15, கதிர்த்துகள் 0.037 மி.மீ. என வரும். இவை உண்மைப் பொருள்களோடு வியக்கத்தக்க வகையில் நெருங்குகின்றன. ஆயினும் இதனை ஒரு விளக்கமாக முன்வைக்க இயலாது. எட்டு நெல் ஒரு விரல் என்னும் படி ஐயமின்றி நீளத்தையே குறிக்கிறது. அதே சொல்லமைப்பில் வரும் பிற படிகளை மட்டும் கனம் என்று கொள்ள மூலத்தில் சான்றில்லை. பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை ஏற்றால், இக்கட்டுரை எதனை மறுக்கிறதோ அதனையே செய்ததாகும். இந்த மாற்றுவழியில் அணு 0.019 மி.மீ. ஆகிவிடுவதால் இதனை எடுத்துப் பேச எவரும் முன்வரமாட்டார் என்பது வேறு.

கோனும் நுண்ணணுவும்

இணையத்தில் வழங்கும் சில அட்டவணைகளில் அணுவுக்குக் கீழும் இரண்டு படிகள் உள்ளன: பத்துக் கோன் ஒரு நுண்ணணு, பத்து நுண்ணணு ஓர் அணு. எட்டெட்டாக ஏறும் வாய்பாட்டில் இவ்விரு படிகள் மட்டும் பத்துப் பத்தாக ஏறுவதே ஐயத்துக்குரியது. நூறு கோன் ஓர் அணு என்பது இவற்றின் மொத்த விளைவு. கம்பராமாயணத்தின் இரணியன் வதைப் படலத்தில், இறைவன் எங்குமுளன் என்று தந்தைக்கு எடுத்துரைக்கும் பிரகலாதன், அவன் சாணிலும் உளன், ஓர் அணுவை நூறு கூறாக்கிய கோணிலும் உளன் என்ற கருத்துப்படப் பேசுகிறான். அட்டவணையின் 'கோன்' கம்பரின் 'கோண்' என்பதன் திரிபே என்பது என் கருத்து. நூறு கூறு என்பதே பத்து, பத்து என இரண்டாகப் பிளந்து, இடையில் ஒரு பெயரையும் பெற்றுக்கொண்டு வாய்பாடாகியிருக்கிறது. பக்திப் பெருக்கில் எழுந்த உயர்வு நவிற்சி ஓர் அளவை அலகாக மாறிவிட்டது. 1.1 நானோமீட்டரை நூறால் வகுத்து, கிடைத்த 0.011 நானோமீட்டரைப் போர் ஆரத்துக்கும் உட்பட்டது என்று காட்டி, அணுவின் உட்கூறுகளையும் தமிழர் அளந்தனர் என்று வாதிடும்போது இறுதியில் அளக்கப்படுவது பிரகலாதனின் உவமையே.

பின்ன வாய்பாட்டையும் இங்கே நோக்க வேண்டும். முந்திரி 320-ல் 1. கீழ்முந்திரி 1,02,400-ல் 1. இம்மி 21,50,400-ல் 1. அணு 16,55,80,800-ல் 1 என்று இறங்கும் அவ்வரிசையில், தேர்த்துகளும் நுண்மணலும் அணுவுக்கும் மிகக் கீழே வைக்கப்பட்டுள்ளன. நீட்டலளவையில் தேர்த்துகளுக்குள் அணு. பின்ன வரிசையில் அணுவுக்குள் தேர்த்துகள். இப்பெயர்கள் நிலையான பருமனுடைய பொருள்களைச் சுட்டவில்லை, சிறுமையின் வரிசையில் ஓர் இடத்தையே சுட்டுகின்றன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

பின்னக் கணக்கு நடைமுறையில் எங்குச் சென்று நிற்கும் என்பதற்கு முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளைக் காட்டலாம். ஒரு வேலி நிலத்தில் 52,42,88,00,000-ல் ஒரு பங்குவரை கணக்கிட்டு இறை விதிக்கப்பட்டதாக வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டுவர். வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால் அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு குண்டூசியின் தலைக்கும் குறைவு. பதினாறு சாண் கோலால் நிலம் அளந்த அலுவலர் இதனை வயலில் அளந்திருக்க முடியாது. முந்திரியையும் கீழ்முந்திரியையும் ஒன்றோடொன்று பெருக்கிய கணக்கர் ஓலையில் பிறந்த எண் அது. அவ்வெண்ணை வைத்துச் சோழர் மில்லிமீட்டர் நுட்பத்தில் நிலம் அளந்தனர் என்று ஒருவரும் வாதிடுவதில்லை. சோழர் கணக்கர் பின்னங்களைக் கையாண்ட திறத்தையே எல்லோரும் போற்றுகின்றனர். அணு வாய்பாட்டுக்கு மட்டும் அந்நியாயம் மறுக்கப்படுவது ஏன் என்று தெரியவில்லை.

அணு என்னும் சொல்

'அணு' என்ற சொல்லை இன்றைய அறிவியல் தமிழ் எடுத்தாண்டது இருபதாம் நூற்றாண்டில் பாடநூல்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் நிலைபெற்றது. பழைய சொல் புதிய பொருளுக்குப் பெயரானது. அதன் பின்னர் புதிய பொருளையே பழைய சொல்லுக்குள் வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது. கதிர்த்துகளையோ துசும்பையோ யாரும் நானோமீட்டராக மாற்றிப் பெருமை கொள்வதில்லை. அணுவுக்கு மட்டும் இச்சிறப்பு வாய்த்ததற்குக் காரணம் பெயரொப்புமை.

பண்டைய வழக்கு இதற்கு உடன்படவில்லை. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் கூறும் அணு, நிலம், நீர், தீ, காற்று எனப் பண்பால் வேறுபடுவது. தனித்த அணுவைத் தெய்வக் கண்ணுடையார் அன்றிப் பிறர் காணார் என்பதற்கு அங்கே காட்டப்படும் உவமை அழகியது: அந்திப் பொழுதில் ஒற்றை மயிர் புலப்படாது, திரண்ட மயிர் புலப்படும். காணாமை பருமனின் குறைவால் நேர்வது என்ற கூர்த்த சிந்தனை அதில் இருக்கிறது. எனினும் அளவு கூறும் நோக்கம் அதில் இல்லை. நன்னூலார் அணுத்திரளிலிருந்து எழும் ஒலியே எழுத்து என்கிறார். ஒலிக்குக் காரணமாகிய அவ்வணுவுக்கு எத்தனை நானோமீட்டர் என்று கேட்பது பொருந்தாது என்பதை யாரும் உடனே உணர்வர்.

திருவள்ளுவமாலையில் இடைக்காடர் பெயரில் ஒன்றும் ஔவையார் பெயரில் ஒன்றுமாக இரு குறட்பாக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. குறளின் சிறுமையில் அடங்கிய பெருமையைப் புகழும் அவ்விரண்டின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் துளைக்கப்படுவது கடுகு. பின்னதில் துளைக்கப்படுவது அணு. அணுவைப் பிளக்கும் அறிவு தமிழருக்கு இருந்தது என்பதற்குப் பின்னதைச் சான்று காட்டுவோர் முன்னதைச் சேர்த்துப் படிப்பதில்லை. சேர்த்துப் படித்தால், கடுகினும் சிறிதாக ஒன்றைத் தேடிய புலமைப் போட்டியில் 'அணு' என்ற சொல் வந்தமர்ந்ததைக் காணலாம்.

இவ்வளவும் கூறியதால் வாய்பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது. காண்பதற்கு எல்லையாகிய தூசியோடு உலகம் முடிந்துவிடுவதில்லை. விரலுக்கும் நெல்லுக்கும் உள்ள உறவே தூசிக்கும் அதற்கு அப்பாலுள்ளதற்கும் தொடரும் என்று ஒரே விகிதத்தைக் கண்ணுக்கெட்டாத இடத்துக்கும் நீட்டியது பெரிய சிந்தனை. அதனைச் சிந்தனை வரலாறாக எழுதலாம், எழுதவும் வேண்டும். அளவியல் வரலாறாக எழுதப் புகுந்தால், ஒரு பிடி எள்ளை மேசையில் பரப்பிவைக்கும் எவருக்கும் விடைசொல்ல முடியாமல் நிற்க நேரும். தமிழியல் ஆய்வை ஐயக்கண்ணோடு பார்ப்போருக்கு அந்த வாய்ப்பை நாமே அளிக்க வேண்டியதில்லை.

காதம்

கீழ்முனையில் நிகழ்வதே மேல்முனையிலும் நிகழ்கிறது. 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம் என்ற வாய்பாட்டின்படி காதம் 3.66 கி.மீ. அட்டவணைகள் சிலவற்றில் 6000 பாகம் ஒரு காதம். நான்கு முழமே ஒரு பாகம் ஆதலால், இதன்படி காதம் 10.97 கி.மீ. பத்து மைல் என்று கொள்ளும் வழக்கும் உண்டு, அது 16.1 கி.மீ. ஒரு காதத்தை ஆங்ஸ்ட்ராமில் கூற வேண்டுமெனில் முறையே 37 லட்சம் கோடி, 110 லட்சம் கோடி, 161 லட்சம் கோடி எனச் சொல்லலாம். தொலைவு மாற்றும் கணிப்பான்களில் ஏதேனும் ஒரு மதிப்பை இட்டால் பன்னிரண்டு, பதினைந்து இலக்கங்களில் விடை வந்து விழும். முதல் இலக்கமே உறுதிப்படாத ஓர் எண்ணுக்குப் பதினைந்தாம் இலக்கம் எழுதுவதில் பொருளில்லை.

இது வெறும் கணக்கு வேடிக்கையாக நின்றுவிடவில்லை. குமரிக்கும் பஃறுளியாற்றுக்கும் இடைப்பட்ட நிலம் 700 காவதம் என்று அடியார்க்குநல்லார் உரை கூறும். காதத்தைப் பத்து மைலாகக் கொண்டு அதனை 7000 மைல் என்று எழுதியோர் உண்டு, கிலோமீட்டரில் 11,265. கன்னியாகுமரியிலிருந்து தென்துருவம் வரையுள்ள தொலைவே ஏறத்தாழ 10,900 கி.மீ.தான். அதாவது அந்நிலம் துருவத்தையும் கடந்து மறுபுறம் ஏறிச்செல்ல வேண்டும். 3.66 கி.மீ. என்று கொண்டால் அதுவே 2,560 கி.மீ. ஆகச் சுருங்கும். உரையாசிரியரின் 700 என்ற எண்ணை எவ்வாறு மதிப்பிடுவது என்பது தனி வினா. ஆயின் ஒரு கண்டத்தின் பரப்பே அலகுத் தேர்வைப் பொறுத்து நான்கு மடங்குக்கு மேல் மாறும் நிலையில், எந்தக் காதம் என்று கூறாமல் வரைபடம் தீட்டுவது ஆய்வு நெறியன்று. காதத்தின் மதிப்பை நூலுக்கு நூல், கல்வெட்டுக்குக் கல்வெட்டு, வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனியே தேடவேண்டும். கோயிற் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள அளவுகோல்களைக் கொண்டு கோலின் நீளத்தை வட்டாரவாரியாக ஆராய்ந்த கல்வெட்டறிஞர்கள் இத்துறையில் ஏற்கெனவே வழிகாட்டியுள்ளனர். காதத்துக்கு அப்பணி இன்னும் போதிய அளவில் நடைபெறவில்லை.

இலக்கியத்தில் காதத்தை நாம் மிக அருகில் காண்பது நாடுகாண் காதையில். புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் ஒரு காவதம் கடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். அதற்குள்ளாகவே இடை நொந்து மூச்சிளைத்த கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். அவன் கூறும் விடை முப்பது காதம். அக்காதத்தை வாய்பாடுகளில் தேடினால் முதலாவதன்படி மதுரை 110 கி.மீ.; இரண்டாவதன்படி 329; பத்து மைல் கணக்கில் 483. உறையூர் வழியாக இன்று வரைபடத்தில் நேர்கோடுகளாக அளந்தாலே பூம்புகாரிலிருந்து மதுரை சுமார் 250 கி.மீ. மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லை. 250-ஐ முப்பதால் வகுத்து, காதம் 8.3 கி.மீ. என்று நான்காம் மதிப்பொன்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கோவலனின் விடை அளவை நூலன்று. ஆறு, ஐந்து என்னும் இரு எண்களைப் புணர்த்தி முப்பதைக் கூறும் அச்சொல், ஆறோ ஐந்தோ என்று கேட்போர் செவியில் ஒலிக்கவும் இடந்தருகிறது. அதனுடன் அவன் மதுரை அருகில்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஒரு காதத்தில் தளர்ந்துவிட்டவளிடம் முப்பது என்பதை அப்படித்தான் அவனால் சொல்ல முடிந்தது.